எஃகின் தோலில் இருக்கும் சூட்சுமம்

வணக்கம் நேயர்களே. டிரான்ஸ்ஃபார்மர் அருகே நின்றால் ஓயாத ஒரு ரீங்காரம் கேட்கும். உள்ளே அடுக்கியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள், காந்தமாகும்போதெல்லாம் இம்மியளவு நீண்டு சுருங்குவதால் எழும் ஒலி அது. மின்சாரத்தை யாரும் பயன்படுத்தாத வேளையிலும், இணைப்பில் இருக்கும்வரை அந்தத் தகடுகள் ஆற்றலை வெப்பமாக இழந்துகொண்டே இருக்கும். இந்த இழப்பைக் குறைக்க, தகட்டின் மேற்பரப்பில் செய்யும் வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சுமார் 3 சதவீதம் சிலிக்கான் கலந்த எஃகு இது. இதன் படிகங்களை உருட்டிய திசையிலேயே வரிசைப்படுத்தும் முறைக்கு நார்மன் காஸ் 1934-இல் காப்புரிமை பெற்றார். காந்தம் அந்தத் திசையில் எளிதாகப் பாய்ந்தது. ஆனால் வரிசை சீராகச் சீராக வேறொரு சிக்கல் தலைதூக்கியது. எஃகுக்குள் ஒரே திசையில் காந்தமான பட்டைகள் உண்டு, டொமைன் என்பார்கள். அவை அகலமாகிவிட்டன. பட்டைகள் அகலமானால் அவற்றின் எல்லைச் சுவர்கள் குறைவு. மின்னோட்டம் திசை மாறும்போது ஒவ்வொரு சுவரும் அதிக வேகத்தில் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டமே எஃகுக்குள்ளேயே வட்டமிடும் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி வெப்பத்தைக் கிளப்புகிறது.

இங்கேதான் மேற்பூச்சு கைகொடுக்கிறது. தகட்டில் மக்னீசியம் ஆக்சைடைப் பூசி, ஏறத்தாழ 1200 டிகிரியில் சூடாக்கும்போது கண்ணாடி போன்ற படலம் ஒன்று உருவாகிறது. அதன்மேல் பாஸ்பேட்டும் நுண்சிலிக்காவும் கலந்த பூச்சு. சில மைக்ரான் தடிமன்தான். பலரும் இதை வெறும் மின்காப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பூச்சைச் சுட்டு ஆறவிடும்போது எஃகு அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது, பூச்சு அவ்வளவு சுருங்குவதில்லை. அதனால் எஃகு எப்போதும் இழுத்துப் பிடித்த நிலையிலேயே இருக்கிறது. அந்த இழுவிசையில் டொமைன்கள் ஒடுங்குகின்றன, இழப்பு குறைகிறது, ரீங்காரமும் தணிகிறது. இதைவிட அழகான பொறியியலை நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்தது லேசர். உருட்டிய திசைக்குக் குறுக்கே, சில மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கோடுகள் இழுக்கிறார்கள். கோட்டருகே தங்கும் தகைவு, அதாவது எஃகுக்குள் நிலைத்துவிடும் இறுக்கம், டொமைன்களை மேலும் குறுக்குகிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தை, அதாவது தகடுகளாலான நடுப்பகுதியை, சுருள் வடிவில் செய்ய, வளைத்த தகட்டை 800 டிகிரி அளவில் மீண்டும் சூடாக்க வேண்டும். அப்போது தகைவு கரைந்து லேசரின் பயனும் போய்விடும். அத்தகைய உள்ளகங்களுக்குக் கோட்டுக்குப் பதிலாக நுண்ணிய பள்ளங்களைப் பதிக்கிறார்கள். பள்ளம் சூட்டில் அழிவதில்லை.