அம்மாவின் நான்கு மணி

வணக்கம் நேயர்களே. அதிகாலையில் எழுந்து பழகுவது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த உரையைப் பதிவு செய்யக் காலை 8 மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். மாலை 4 மணிக்கு வருகிறேனே என்றேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு சின்னத் தையல்கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க அளவெடுப்பதிலும், 'இன்னும் தைக்கலையா' என்று வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்வதிலும் போய்விடும். கடையைச் சாத்திய பிறகுதான் மெஷின் ஒழுங்காக ஓடும். இரவு 9 மணிக்கு ஒரு கோப்பி ஓ, பால் இல்லாத கோப்பி. அப்புறம் ரவிக்கைக்குக் கொக்கி வைத்து நிமிர்ந்தால் மணி 1 ஆகியிருக்கும். கொஞ்ச நேரம் கைப்பேசி. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு சீக்கிரம் எழவேண்டிய அவசரமும் இல்லை. காலை 9:30 மணிக்கு எழுந்து, தலை கனத்து, யாரிடம் பேசினாலும் எரிந்து விழுந்துகொண்டு இருந்தேன்.

இத்தனைக்கும் நான் பால்மரம் வெட்டியவரின், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவரின் மகள். தோட்டத்து லயத்தில், அதுதான் தொழிலாளர் வரிசை வீட்டில், அம்மா காலை 4 மணிக்கு எழுவார். அடுப்பைப் பற்ற வைத்து, சோறு வடித்து, தூக்குச்சட்டியில் கட்டி, தூங்குகிற என்னை அப்படியே துணியில் சுற்றி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுவார். பிரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மர நிரைக்குள் நுழைந்துவிடுவார்கள்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வெயில் வந்தா மரம் பால் குடுக்காதுடி" என்பார். அது சரிதான். இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை. அதனால் விடியும் முன் மரப்பட்டைக்குள் பால் இருக்கும் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெட்டியதும் பால் நன்றாக ஓடி மங்கில், மரத்தில் வைத்த கிண்ணத்தில், விழும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய், அழுத்தம் குறைந்து, ஓட்டமும் குறையும். ஆக, எங்கள் அம்மாக்கள் எழுந்த நேரத்தை முடிவு செய்தது மரம். இப்போது அந்த மலைச்சரிவுகளில் பாதிக்கு மேல் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. செம்பனைக் குலைக்கு இந்த அவசரம் கிடையாது.

அம்மாவின் மகள்தானே, நமக்கு வராதா என்று போன வருடம் ஒரு ரோஷம் வந்தது. கைப்பேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு 5 மணி என்று முடிவு செய்தேன். எழுந்ததும் எலுமிச்சை கலந்த வெந்நீர், யோகா, தியானம், டைரி, நடை, அப்புறம் பசியாறல் என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். அலாரத்தை எவர்சில்வர் சட்டிக்குள் போட்டு, எட்டாத தூரத்தில் அலமாரி மேல் வைத்தேன். முதல் நாள் சட்டி அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நான்காவது நாள் ஒரு மணப்பெண் ரவிக்கையில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். ஐந்தாவது நாள் தாளைக் கிழித்தேன். டைரி இன்னும் புதிதாக இருக்கிறது, வேண்டுமானால் யாராவது வாங்கிக்கொள்ளலாம்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்துப்போக, நம் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே நம் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டுதான் ஓடியது. இப்போது நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 1 மணிக்குப் பிறகுதான். விடிவது வருடம் முழுக்க 7 மணியை ஒட்டி. லண்டனில் ஜூன் மாதம் 5 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். அங்கே 5 மணிக்கு எழுகிறவன் வெளிச்சத்தில் எழுகிறான். சுங்கை சிப்புட்டில் 5 மணி என்பது நடுச்சாமத்தின் பின்பகுதி. அதிலே எழுந்து தியானம் செய்தால் தூக்கம்தான் வரும்.

வெளிச்சத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பழ ஈயை வைத்து ஆராய்ந்தார்கள். மனிதரில் அந்தக் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடும். விட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டே போகும். அதைச் சரிசெய்து வைப்பது கண் வழியாக நுழையும் வெளிச்சம். காலை வெளிச்சம் முன்னே இழுக்கும், ராத்திரி வெளிச்சம் பின்னே தள்ளும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பளீரென்ற வெள்ளை விளக்கை வைத்து நள்ளிரவு வரை கொக்கி வைத்தேன். கோப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். 9 மணிக்குக் குடித்ததில் பாதி 2 மணிக்கும் என் ரத்தத்தில் இருந்தது. சட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?

அம்மாவிடம் கேட்டேன், "எப்படிம்மா எழுந்த?" என்று. "எட்டு மணிக்குப் படுத்துருவோம்ல. விளக்கு ஏது, படம் ஏது?" என்றார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மழை நாளில் மரம் ஈரமாக இருந்தால் வெட்டு கிடையாது. அன்றைக்கும் அம்மாவுக்கு 4 மணிக்கு விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு இருப்பாராம். அப்படித்தான் அவர் உடம்பு பழகியிருந்தது.

எனவே காலையை விட்டுவிட்டு ராத்திரியைப் பிடித்தேன். மாலை 4 மணிக்கு மேல் கோப்பி இல்லை. இரவு 10 மணிக்கு மேல் மெஷின் இல்லை. இதில் எனக்குப் பணநட்டம் உண்டு, மறைக்க மாட்டேன். அவசரத் தையல் சிலது அடுத்த தெருவுக்குப் போனது. எழும் நேரத்தை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே நகர்த்தினேன். 6:30 வந்ததும் நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே போகும் எண்ணம் இல்லை. எல்லா உடம்பும் ஒன்றுபோல் இருக்காது. சிலர் பிறவியிலேயே இரவு ஆட்கள், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தூக்கமே பிந்தித்தான் வரும். அவர்களைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். நான் என் மகனைத் திட்டியதற்கு இப்போது வருந்துகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். பக்கத்து வீட்டு அக்காவை 7:15-க்கு வாசலில் நிற்கச் சொன்னேன். இரண்டு பேரும் திடலைச் சுற்றி நடப்போம். வெளிச்சம் முகத்தில் படும், ஊர்க்கதையும் நடக்கும். நான் வரவில்லை என்றால், "என்ன பிள்ள, பிரட்டுக்கு லேட்டா?" என்று வாசலிலேயே சத்தம் போடுவார். தெருவே கேட்கும்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் எல்லாம் கவிழ்ந்தது. மறுபடி 2 மணி, மறுபடி கோப்பி. தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்துத்தான் திரும்ப வர முடிந்தது. அடுத்த வருடமும் இப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. பால்காட்டை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் அதே 4 மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல் முன்கட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். 6:30 மணிக்கு நான் அறைக்கதவைத் திறந்து, பெருமையோடு அவர் முன்னால் போய் நிற்பேன். வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"இப்பதான் எந்திரிக்கிறியா? மங்கு நெறஞ்சிருக்கும் இந்நேரம்."

நன்றி, வணக்கம்.