சாயம் மறைக்கும் சிவப்பு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு செயற்கைச் சாயம் தோலையும் கண்ணையும் எரிக்குமா என்று எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் நான் செய்த வேலை அது. முதலில் என் தாத்தாவின் காதிலிருந்து தொடங்குகிறேன்.

தாத்தா ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. காதில் எப்போதும் ஒரு காப்பியிங் பென்சில் செருகியிருக்கும். வயதான நேயர்களுக்கு நினைவிருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா மையாகிவிடும், ரப்பருக்கு அழியாது. மாலையில் வீடு திரும்பும்போது நாவற்பழம் தின்றவர் போல இருப்பார். "நாக்கை நீட்டுங்கள், இன்றைக்கு எத்தனை பார்சல் என்று சொல்கிறேன்" என்பாள் பாட்டி. நீட்டுவார். பாட்டி சொல்லும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பது தாத்தாவின் சாட்சியம். பாட்டியைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாரோ என்னவோ.

அவர் பென்சில் சீவும்போது மட்டும் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. துணுக்கு தெறித்தால் கண் போய்விடும் என்பார். நாக்கில் வைக்கிற பொருள் கண்ணை என்ன செய்துவிடும்? வேதியியல் படித்த பிறகுதான் விளங்கியது. அந்தப் பென்சிலில் மெத்தில் வயலெட் என்ற சாயம் கலந்திருக்கும். துணுக்கு இமைக்கடியில் சிக்கினால் கண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கருவிழியைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும்.

அதற்கு நெருங்கிய உறவு கிரிஸ்டல் வயலெட். வாய்ப்புண்ணுக்கும் தோல் புண்ணுக்கும் பஞ்சில் தோய்த்துத் தடவுவார்களே, அந்த ஊதா மருந்தில் இருப்பது. நீர்த்த கரைசலாகத் தோலில் தடவினால் மருந்து. தூளாக விற்கும் டப்பாவிலோ, கண்ணுக்குக் கடும் சேதம் என்ற எச்சரிக்கை. இந்தச் சாயத்தில் நேர்மின்சுமை உண்டு. கருவிழியின் செல்களில் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. எதிர்மின்சுமைச் சாயங்கள் பெரும்பாலும் அப்படிப் பிடிப்பதில்லை. கண் மருத்துவர் காகிதக் கீற்றால் கண்ணில் ஒரு மஞ்சள் நிறத்தைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் கீறல் தேடுவார் இல்லையா? அந்த ஃப்ளோரசீனும் செயற்கைச் சாயம்தான். ஆகவே தோலை வைத்துக் கண்ணைத் தீர்மானிக்க முடியாது. ஒரு சாயத்தை வைத்து இன்னொன்றையும் தீர்மானிக்க முடியாது.

சோதனைக்கு வருகிறேன். 1944-இல் அமெரிக்காவில் டிரெய்ஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் வகுத்த முறை நெடுங்காலம் ஆட்சி செய்தது. முயலின் முதுகில் ரோமத்தை மழித்து, அரை கிராம் பொருளை வைத்து ஒட்டுவோம். நாங்கள் 4 மணி நேரம் வைத்திருப்போம். பிறகு 3 நாள் வரை பார்த்து, சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவோம்.

சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது ஓர் ஊதாச் சாயம். ஒட்டை எடுத்தால் தோல் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். சிவப்பே தெரியவில்லை, 0 என்று எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் நோட்டைப் பார்த்தார். "சிவப்பு இல்லையா, உங்களுக்குத் தெரியவில்லையா அம்மா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். தோல் தடித்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, சாயம் அதைத்தான் செய்கிறது. தான் செய்த காயத்தைத் தானே மூடிவிடுகிறது. அந்த 0-வை அடித்துவிட்டு, "நிறத்தால் கணிக்க இயலவில்லை" என்று எழுதினேன். சாய அறிக்கை எது கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். இல்லையா, தெரியவில்லையா?

இப்போது முயலைத் தொடுவதற்கு முன்பே சோதிக்க வேறு வழிகள் வந்துவிட்டன. மனிதச் செல்களிலிருந்து வளர்த்த தோல்மேல் பொருளை வைத்து, எவ்வளவு உயிர் மிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். பாதியோ அதற்குக் கீழோ என்றால் எரிச்சலூட்டும் பொருள். வேடிக்கையைக் கேளுங்கள்: மஞ்சள் மருந்து ஒன்றை உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றுவதை வைத்துத்தான் அந்த அளவு. சோதிக்கும் பொருளே ஊதாவாக இருந்தால்? செத்த தோலும் உயிருள்ளது போலக் கணக்கில் ஏறிவிடும்! ஆகவே அந்த மஞ்சள் மருந்து போடாத தோல் துண்டில் சாயத்தின் நிறத்தைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். பழைய பூசணிக்காய், புதுச் சோறு.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். தலைமுடிச் சாயத்துக்குப் பாதி நேரம் வைத்திருந்தேன், போயிற்று. அதை இமைமுடிக்கும் புருவத்துக்கும் போடாதீர்கள். 1933-இல் அமெரிக்காவில் ஓர் இமைச் சாயம் பெண்களின் பார்வையைப் பறித்திருக்கிறது. தலைச்சாயத்தில் வரும் ஒவ்வாமை வேறு சங்கதி, அதற்குச் சோதனையும் வேறு. கண்ணில் எந்தச் சாயத் தூள் விழுந்தாலும் கசக்காதீர்கள். லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். பிறகு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வணக்கம்.