சிலந்தி வலைக்கு முன்னால் நான்கு பேர்

வணக்கம். திரையில் இருக்கும் படத்தை ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். 1843இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அச்சான மரக்கட்டைப் படம். மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுசாகும். வலது பக்கம் ஒருவர் போர்வைக்குள் கிடக்கிறார். மினமோட்டோ நோ யோரிமிட்சு. பழங்கால வீரர், ராய்க்கோ என்பது அவருடைய இன்னொரு பெயர். அப்படிச் சொன்னால் ஜப்பானில் பலருக்கும் தெரியும். அவர் தலைக்குப் பின்னால் மண்சிலந்தி, பழங்கதையில் வரும் பேய்ச் சிலந்தி. முன்னால் அவருடைய நான்கு வீரர்கள். இரண்டு பேர் ‘கோ’ என்ற பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருட்டில் பேய்ப் படையே திரண்டு நிற்கிறது.

வரைந்தவர் உட்டகாவா குனியோஷி, சாயக்காரர் மகன். வெகுநாள் பெயர் எடுக்காமல் கிடந்தவர். 1827 வாக்கில் சீனக் கதையான ‘சுய்கோதென்’னின் 108 வீரர்களை ஒவ்வொருவராக வரைய ஆரம்பித்தார். அதோடு ஊர் முழுக்க ‘வீரர் படக் குனியோஷி’ ஆகிவிட்டார். கதையில் பச்சை குத்தியவர்கள் நாலைந்து பேர்தான். இவர் தாராளமாகப் பலருக்கும் குத்திவிட்டார்! எடோவின் தீயணைப்புக்காரர்களும் சுமைகூலிகளும் அதே டிராகன்களைத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள்.

‘குனியோஷி வரைந்தார்’ என்று நாம் சொல்வதில் பாதிதான் உண்மை. மெல்லிய தாளில் அவர் வரைந்ததைச் செதுக்குபவர் காட்டுச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குடைந்து எடுப்பார். மூல ஓவியம் அங்கேயே போய்விடும். வீரனின் நெற்றியோரத்து முடி, ஒவ்வொரு இழையும் கத்திமுனையில் மிஞ்சியது. அப்புறம் நிறத்துக்கு ஒரு பலகை என்று செதுக்கி, அச்சிடுபவர் தாளை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டையால் தாளின் முதுகில் தேய்ப்பார்.

சரி, சிலந்திக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் காலம் முதல் வந்த வீரர்களை, ஆட்சியாளர்களைப் பெயர் சொல்லி வரைய எப்போதோ தடை வந்துவிட்டது. 1842இல் நடிகர் படமும் கணிகையர் படமும் கூடாது என்றார்கள். சிக்கனச் சீர்திருத்தமாம். மிச்சம் இருந்தது பழங்கதைதான். ராய்க்கோ பத்தாம் நூற்றாண்டு ஆள், அவரை வரைந்தால் யார் கேட்பது?

ஆனால் அந்த நான்கு வீரர்களில் சுவெத்தகேயின் உடைச் சின்னத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். நீர்ச்செடி இலை. அது சீர்திருத்தத்தைக் கொண்டுவந்த முதன்மை அமைச்சர் மிசுனோ ததகுனியின் குடும்பச் சின்னம்! எடோ மக்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்: அப்படியானால் தூங்குபவர் நாட்டை ஆளும் படைத்தலைவரான ஷோகுன், மேலே நிற்கும் பேய்கள் தடைகளால் பிழைப்புப் போனவர்கள். எந்தப் பேய் எந்தத் தொழில் என்று ஊரே விடுகதை போட்டது. குனியோஷி வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் இந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம்.

பதிப்பாளர் பயந்துபோனார். விற்காத தாள்களைத் திரும்ப வாங்கினார். பலகைகளை இழைத்து முகம் தெரியாமல் ஆக்கினார். அதற்குள் கள்ளப் பதிப்புகள் கைமாற ஆரம்பித்துவிட்டன. குனியோஷிக்கு இந்தப் படத்துக்காகத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. அதே வருடம் பதவி போனது மிசுனோவுக்குத்தான்.