கைப்பேசி எண் மட்டும் போதும் என்கிறாரா துப்பறிவாளர்? முன்பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

"அக்கா, நம்பர மட்டும் அனுப்புங்க. மூணே நாள்ல அவரோட வாட்ஸ்அப் முழுசும் உங்க கையில இருக்கும்."

இப்படியொரு குரல்பதிவு உங்களுக்கு வந்திருந்தால், அதை அனுப்பியவர் இரண்டு வகையினரில் ஒருவராகத்தான் இருக்க முடியும். சொன்னதைச் செய்யத் தெரியாமல் முன்பணத்தோடு மறைந்துவிடும் ஏமாற்றுக்காரராக இருக்கலாம். அல்லது சொன்னதை உண்மையாகவே செய்து முடித்து, ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் உங்களையும் கூட்டாளியாக்கிவிடுபவராக இருக்கலாம். இவ்விருவரில் பணத்தோடு மறைந்துவிடுகிறவரே மேல் என்பது என் கருத்து.

வணக்கம் நேயர்களே. இது மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் விளக்கக் காணொளி. தனியார் துப்பறிவாளரை அமர்த்த நினைப்பவர் யாரை நம்பலாம், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பதுதான் இன்றைய விஷயம்.

[திரையில்: மின்கம்பத்தில் ஒட்டப்பட்ட மஞ்சள் நிற விளம்பரத்தாள்; கைப்பேசி எண் மறைக்கப்பட்டுள்ளது]

இந்தத் தாளைச் சற்று உற்றுப் பாருங்கள். ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர், ஒட்டிய விளம்பரத்தின் மேல் பாதி ஏறி ஒட்டப்பட்டிருக்கிறது. தொப்பி அணிந்த ஒருவரின் நிழலுருவம், ஒரு பூதக்கண்ணாடி, "கணவன், மனைவி, காதலர், கடனாளி, காணாமல் போனவர்" என்று ஒரு பட்டியல், கீழே ஒரு கைப்பேசி எண். நிறுவனத்தின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, முகவரி இல்லை, உரிமம் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. யாரென்றே தெரியாத ஒருவரிடம் குடும்பத்தின் மிக அந்தரங்கமான செய்தியை ஒப்படைக்கச் சொல்லும் விளம்பரம் இது.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தனியார் விசாரணை அலுவலகத்தைத் திறந்த விடோக் என்பவர், முதலில் சிறைக்கைதியாக இருந்து பின்னர் போலீஸ் அதிகாரியானவர். ஆக, துப்பறிவாளரின் நன்னடத்தையைப் பற்றிய சந்தேகம் இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே இருந்து வருகிறது.

மலேசியாவில் இத்தொழிலை ஆளுவது 27ஆம் சட்டம் எனப்படும் 1971ஆம் ஆண்டின் தனியார் முகவை நிறுவனச் சட்டம். உரிமம் வழங்குவது உள்துறை அமைச்சு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இந்தச் சட்டத்திற்குள்தான் இருக்கிறது. பிறருடைய நடத்தையையும் நடவடிக்கைகளையும் பற்றித் தகவல் திரட்டித் தருவது, ஆளுக்கோ சொத்துக்கோ காவலர்களை வழங்குவது ஆகிய இரண்டு தொழில்களையும் இது ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. துப்பறிவாளர் என்றதும் மழைக்கோட்டும் புகைக்குழாயும் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டமோ அவரைச் செம்பனைத் தோட்டத்து நுழைவாயிலில் தடுப்புக்கட்டையை ஏற்றி இறக்கும் நம் ஜாகா அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. இதைக் கேட்டுத் துப்பறிவாளர்கள் வருத்தப்படலாம். ஜாகா அண்ணன்மார் பெருமைப்படலாம். சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனத்திற்கு மட்டுமல்லாமல் விசாரிக்கும் தனிநபருக்கும் உரிமம் வேண்டும். துப்பறியும் கதைகளுக்குப் பேர்போன பிரிட்டனிலோ, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடமிருந்தும், தனியார் துப்பறிவாளருக்கான உரிம முறை நடைமுறைக்கு வராமலேயே கிடக்கிறது.

இதிலிருந்து நமக்குத் தேவையான பாடம் ஒன்று உண்டு. மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், ஒரு நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு. உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றிருப்பது வேறு. வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்துக்கொண்டு "நாங்கள் அரசாங்கத்தில் பதிந்தவர்கள்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. உரிமம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. "நான் முன்னாள் போலீஸ்காரர்" என்பதும் அதே ரகம்தான். அனுபவம் உரிமமாகாது.

நம் தோட்டப்புற ஊர்களில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? கள்ளத்தொடர்பும் கடனும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கூடுதலாக இருப்பது கல்யாண விசாரணை, மாப்பிள்ளை யார், எப்படிப்பட்டவர் என்ற விசாரணை. லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் இதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை. மாப்பிள்ளையின் தோட்டத்துக்குப் போய் ஒட்டுக்கடையில் ஒரு கோப்பித்தண்ணி குடித்தால் பாதிக் கதை வந்துவிடும். மீதியைத் தண்டல், அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர், சொல்வார். பையன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நேரத்தோடு வருகிறானா, சம்பள நாளன்று எந்தப் பக்கம் நடக்கிறான், தாயாரிடம் எந்தக் குரலில் பேசுகிறான் என்பதெல்லாம் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் ஊரறிந்த செய்தி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பிரிந்து போனபின், பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளையைப் பற்றிக் கிடைப்பது முகநூலில் உள்ள புகைப்படங்கள் மட்டுமே. அந்த வெற்றிடத்தில்தான் மின்கம்பத்து எண்கள் முளைத்தன.

ஆனால் பெற்றோர் தெரிந்துகொள்ள விரும்பும் செய்திகளில் பல, முகப்பிடத்தில் சொற்பக் கட்டணத்திற்குக் கிடைப்பவை. மாப்பிள்ளை திவாலானவரா என்பதை மலேசிய நொடிப்பு இலாகாவில் தேடிப் பார்க்கலாம். "சொந்த கம்பெனி வைத்திருக்கிறார்" என்றால், அதன் இயக்குநர்கள் யார், பங்குதாரர்கள் யார் என்பதை எஸ்.எஸ்.எம்.மில் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி வாங்கலாம். "வீடு அவர் பேரில்தான்" என்றால், நிலப்பட்டா விவரத்தைக் கொண்டு நில அலுவலகத்தில் தேடல் செய்யலாம். உரிமையாளர் பெயரோடு, வங்கிக்கு அடமானமாக இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். இவற்றைத் துப்பறிவாளர் ஒருவர் "இரகசிய விசாரணை" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்றால், நீங்கள் கொடுப்பது வரிசையில் நின்றதற்கான கூலி.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, முஸ்லிம் அல்லாதார் பதிவு செய்யும் திருமணத்திற்குப் பொதுவாக 21 நாள் முன்னறிவிப்பு உண்டு; அந்த அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டப்படும். தடை இருக்கிறது என்று கருதும் எவரும் கட்டணம் செலுத்திப் பதிவதிகாரியிடம் தடைமனு கொடுக்கலாம். திரைப்படங்களில் தாலி கட்டும் நேரத்தில் "நிறுத்துங்கள்" என்று ஓடி வருபவர் தேசியப் பதிவிலாகாவுக்குச் சற்று முன்னதாகவே போயிருந்தால், இவ்வளவு மூச்சிரைக்க வேண்டியிருக்காது.

அப்படியானால் துப்பறிவாளருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. மாப்பிள்ளை வேறோர் ஊரில் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமலே குடும்பம் நடத்தினால், அது எந்த இலாகாவின் ஏட்டிலும் இருக்காது. சொன்ன தொழிற்சாலையில் உண்மையாகவே வேலை பார்க்கிறாரா, சூதாட்டப் பழக்கம் உண்டா, வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து போகிறாரா என்பதையெல்லாம் ஒருவர் நேரில் போய், பொது இடத்தில் நின்று, பொறுமையாகக் கேட்டும் பார்த்தும்தான் அறிய முடியும். மணவிலக்கு வழக்கிலும் அப்படியே: துணையின் பிறனுறவைக் காரணமாகக் காட்டும்போது நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். காத்திருப்பதும் கவனிப்பதும் எழுதி வைப்பதும்தான் இவருடைய வேலை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். இதை வீட்டுப் பெரியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள். வழக்கமான காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் இதற்கும் ஓர் இடம் கிடைக்கட்டும்.

இப்போது போலிகளின் சரக்குப் பட்டியலுக்கு வருவோம். வாட்ஸ்அப் உரையாடல், கைப்பேசி அழைப்புப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் ஆகிய மூன்றும் அதில் தவறாமல் இருக்கும். அடுத்தவரின் கைப்பேசிக்குள் அனுமதியின்றி நுழைவது 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கத்தக்கது. தொலைத்தொடர்பை இடைமறித்துக் கேட்பதை 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் தடுக்கிறது. வாடிக்கையாளரின் கணக்கை வெளியே சொல்லக்கூடாது என்று 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் வங்கிகளைக் கட்டுப்படுத்துகிறது. உரிமம் பெற்ற துப்பறிவாளருக்கும் இவற்றில் விலக்கு இல்லை. அவருக்குப் போலீஸ் அதிகாரமும் இல்லை. "என் கணவருடைய போன்தானே" என்று காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர், உடந்தையாக இருந்தவர் என்ற வகையில் அதே வழக்கில் நிற்க நேரும்.

பின்தொடர்வதற்கும் எல்லை உண்டு. 2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 507A பிரிவு, ஒருவருக்கு அச்சமோ மனவேதனையோ ஏற்படும்படி மீண்டும் மீண்டும் தொடர்ந்து தொல்லை தருவதை மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. காரின் அடியில் கருவியைப் பொருத்தி இரவும் பகலும் துரத்துகிறேன் என்று பெருமையாகச் சொல்பவரிடம், இந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். தோல் உறைக்குள் பளபளக்கும் சின்னத்தை எடுத்துக் காட்டி, போலீஸ் என்று அண்டை வீட்டாரை நம்ப வைத்துத் தகவல் வாங்குபவரும் வேண்டாம். அரசு ஊழியராக வேடம் போடுவது தனிக்குற்றம்.

அமர்த்துவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? நிறுவனத்தின் முழுப்பெயரை வாங்கிக்கொண்டு, 27ஆம் சட்டத்தின் கீழ் அதற்கு உரிமம் உண்டா, அது விசாரணைப் பணிக்கானதா, காவலர் சேவைக்கானதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை உள்துறை அமைச்சிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். அவர் காட்டும் நகலை நம்பாதீர்கள். நகல் எடுக்கும் இயந்திரம் நம் ஊரில் எல்லாக் கடையிலும் இருக்கிறது. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், பயணச் செலவு யாருடையது, அறிக்கை எந்த வடிவில் வரும் என்பவை எழுத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். தனிநபர் பெயரிலான கணக்கு எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் இட்டால், அதன்மேல் புகார் பதிவாகியிருக்கிறதா என்பது சில நொடிகளில் தெரியும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளை வழக்கு என்று வந்தால், நீங்கள் எடுத்த படத்தை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வீர்களா?" முறையாகத் தொழில் செய்பவர் அதற்கான கட்டணத்தையும் சேர்த்துச் சொல்வார். மற்றவருக்கு அந்த நிமிடமே வேறோர் அழைப்பு வந்துவிடும். என்னைக் கேட்டால், உரிமச் சோதனைக்கு அடுத்தபடியாக இதைவிட நல்ல சல்லடை கிடையாது.

காணாமல் போனவரைத் தேடுவதென்றால் முதலில் போலீஸ் நிலையம். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், உடனே 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழையுங்கள். பணம் கணக்குக் கணக்காகக் கைமாறுவதற்குள் தடுக்க அதுவே வழி. வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசித்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும். பேசிய குரல்பதிவையும் பணம் அனுப்பிய சீட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீஸ் புகாரும் செய்யுங்கள். அடுத்த வாரமே இன்னொருவர் அழைத்து, "நீங்கள் இழந்த பணத்தை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத் தரச் சிறு கட்டணம் மட்டும்" என்று இனிமையாகப் பேசக்கூடும். நீங்கள் ஏமாந்த செய்தி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.