பவர்ஷெல்லில் ஃபங்ஷனை அழைக்கும்போது அந்தக் கமா

வணக்கம். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று எழுதிப் பழகியவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் கட்டளை மொழியான பவர்ஷெல்லுக்கு வந்ததும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதைப் பார்ப்போம்.

இரண்டு எண்களை வாங்கிக் கூட்டித் தரும் சின்ன ஃபங்ஷன். பெயர் ‘கூட்டு’. பாராமீட்டர்களுக்கு, அதாவது அது வாங்கும் மதிப்புகளுக்கு, எண்ணா எழுத்தா என்று டைப் எதுவும் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் இப்படி அழைக்கிறோம்.

[திரையில்: கூட்டு(2, 3)]

5 வர வேண்டும். வருவதோ ஒரு வரியில் 2, அடுத்த வரியில் 3. எரர் எதுவும் இல்லை. முதன்முதலில் எனக்கு இது நடந்தபோது ஃபங்ஷனுக்குள்தான் கோளாறு என்று நம்பி, ஒரு மாலை முழுக்க அதையே மாற்றி மாற்றி எழுதினேன். தப்பு அழைத்த வரியில் இருந்தது.

பவர்ஷெல்லில் கமா போட்டாலே அர்ரே, அதாவது மதிப்புகளின் வரிசை. 2, 3 இரண்டும் ஒரே அர்ரேயாகச் சேர்ந்து முதல் பாராமீட்டருக்குள் போய்விடுகின்றன. இரண்டாவது காலியாகவே கிடக்கிறது. சரியாக எழுதினால் இப்படி இருக்கும்:

[திரையில்: கூட்டு 2 3]

நடுவில் இடைவெளி மட்டும்தான். பவர்ஷெல் ஒரு ஷெல், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் இடம் என்பதால், நாம் எழுதிய ஃபங்ஷனையும் ஒரு கட்டளையாகத்தான் படிக்கும். ஆனால் ரீப்ளேஸ் போன்ற மெத்தடை, அதாவது ஒரு மதிப்போடு சேர்ந்தே வரும் ஃபங்ஷனை, புள்ளி வைத்து அழைக்கும்போது அடைப்புக்குறியும் கமாவும் கட்டாயம். இரண்டும் ஒரே ஸ்கிரிப்டில் அடுத்தடுத்த வரிகளில் வரும். கை குழம்பாமல் என்ன செய்யும்?

அப்புறம், அடைப்புக்குறியே கூடாது என்றும் இல்லை. இதைப் பாருங்கள்.

[திரையில்: கூட்டு 2+2 3]

விடை 7 இல்லை, ‘2+23’. கட்டளைக்குப் பின்னால் வரும் 2+2 கணக்காகப் போகாமல் வெறும் எழுத்தாகவே உள்ளே போகிறது; அதன் வாலில் 3 ஒட்டிக்கொள்கிறது. கணக்குப் போட்டுவிட்டு அனுப்ப வேண்டுமென்றால் அந்தப் பகுதியை மட்டும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

[திரையில்: கூட்டு (2+2) 3]

இப்போது 7. வேறொரு ஃபங்ஷன் தரும் விடையை அனுப்பும்போதும் இதே முறைதான்.

பாராமீட்டருக்கு இன்ட் (முழு எண்) என்று டைப் கொடுத்திருந்தால், கமா போட்ட அந்த முதல் அழைப்பு உடனே எரர் காட்டியிருக்கும். ஸ்ட்ரிங் (வெறும் எழுத்து) என்று கொடுத்தால் நிலைமை மோசம்: சாதாரண ஃபங்ஷனில் இரண்டு மதிப்பையும் இடைவெளி விட்டு ஒட்டி, சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதனால் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ‘செட்-ஸ்ட்ரிக்ட்மோட்’ கட்டளையை வெர்ஷன் 2.0 என்று கொடுத்துவிடுங்கள். அதன்பின் ‘கூட்டு(2, 3)’ என்று எழுதினால், மெத்தட் போல அழைத்திருக்கிறீர்கள், இடைவெளி விட்டுப் பிரியுங்கள் என்று பவர்ஷெல்லே அந்த வரியில் நிறுத்திச் சொல்லிவிடும்.