தமிழ் வகுப்பு சரிவுக்கு இறங்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இலை எடை போட்டுவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோட்டத்து அக்காமார்களே, பஜார் பெரியவர்களே, படகர் ஊரான ஹட்டியிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பை நம் நீலகிரி ஊர் டீக்கடைகள் பல மாதமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. பஜார் பள்ளியில் நடக்கும் முழுநாள் தமிழ் வகுப்பு அங்கேயே இருக்க வேண்டுமா, கீழே தோட்டத்துச் சரிவில் உள்ள பள்ளிக்கு மாற வேண்டுமா? எந்தக் குடியிருப்புப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்ற எல்லையைத் திருத்த வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா? வகுப்பு மாற வேண்டும், எல்லையும் திருத்தப்பட வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவதுதான் இந்த வகுப்பு. கணக்கு, பாட்டு, விளையாட்டு, சாப்பாட்டு வரிசை எல்லாமே தமிழில். டீச்சர் இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டார், கையைக் காட்டி, படம் போட்டு, திரும்பத் திரும்பச் சொல்வார். பிள்ளை மொழிக்குள் முழுசாக இறங்கி நனைந்து எழுந்து வரும். நல்ல வகுப்பு. அதில் எதிரணிக்கும் எங்களுக்கும் சண்டையே இல்லை. யாருக்காக அதைத் தொடங்கினோமோ அவர்கள் கைக்கு அது எட்டவில்லை என்பதுதான் எங்கள் வழக்கு.

நான் சிலோன் காலனிக்காரி. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு தலை என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் படுத்து எழுந்து, மேட்டுப்பாளையம் வழியாக இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு 1968இல் தேயிலைத் திட்டம் தொடங்கிய மலை இது. அப்பாயிக்கும் வேலை கிடைத்தது. ஆனால் அவர் அறையைக் 'காம்பரா' என்பார், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தைப் 'பெரட்டுக்களம்' என்பார். கடையில் நின்று பேசினால், 'இது என்ன பாஷை?' என்று கேட்டுச் சிரிப்பார்களாம். தமிழச்சியைப் பார்த்துத் தமிழ்நாட்டில் கேட்ட கேள்வி அது. அப்புறம் அவர் கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

என் அப்பா நாலாம் வகுப்போடு நின்றுவிட்டார். படிப்பு வராமல் இல்லை. பள்ளி மேலே பஜாரில், வீடு கீழே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நடுவில் ஓடை. ஐப்பசி கார்த்திகையில் ஓடை நிரம்பினால் அப்பாயி பிள்ளையை அனுப்ப மாட்டார். இரண்டு வருடம் மழைக்காலம் முழுக்கப் போகவில்லை, மூன்றாம் வருடம் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த ஓடையைத் தாண்டித்தான் இன்றைக்கு வேறு வீட்டுப் பிள்ளைகளை வரச் சொல்கிறோம்.

அந்த வேறு வீட்டுப் பிள்ளைகள் யார்? நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு இறங்கிவிட்டார்கள். காலியான லயத்துக் காம்பராக்களில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் குடிக்கும் டீயில் அவர்கள் கை பட்ட கொழுந்து இருக்கிறது. அவர்களில் சிலர் வீட்டில் சாத்ரி மொழி பேசுகிறார்கள், ஓராவோன் பழங்குடிக் குடும்பங்கள் குடுக் மொழி பேசுகின்றன. நடுவர் அவர்களே, இந்தக் குடுக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மைவிட்டு எவ்வளவோ தூரத்தில் தங்கிப்போன உறவு. 'நீ' என்பதற்கு அவர்கள் 'நீன்' என்கிறார்கள். கேட்பவரைச் சேர்க்காமல் 'நாங்கள்' என்று சொல்ல அவர்களுக்கு 'ஏம்', நம் பழந்தமிழுக்கு 'யாம்'. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும்போது அவர்கள் சொல்வது 'நாம்'. நம்முடைய அதே 'நாம்'. இந்தியில் இந்த இரண்டுக்கும் ஒரே 'ஹம்'தான். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பிள்ளைகளையா நாம் 'இந்திக்காரப் பசங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்?

சரி, தூரத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிப்படி ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆறிலிருந்து எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் லயமும் பஜார் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். மலையில் ஸ்கேல் வைத்து யார் நடக்கிறார்கள்? ரோட்டில் போனால் கொண்டை ஊசி வளைவுகள். குறுக்குப் பாதையில் போனால் விடியற்காலையில் காட்டெருமை நிற்கும், சாயங்காலம் கரடி வரும். ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. கூட்டிப்போக அம்மா வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய வேலைக் கணக்கு போகும், பேர் போனால் கூலி போகும். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு பெரிய மழை என்றாலே எந்தத் தாயும் பிள்ளையை ரோட்டில் விடுவதில்லை, அவளைக் குறை சொல்லவும் முடியாது.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். ஒரு மொழியில் பேசிப் பழக இரண்டு வருடம் போதும், அந்த மொழியில் பாடம் படிக்கும் அளவுக்குத் தேற ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்று கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னதை எடுத்துக்காட்டி, 'நடுவில் பிடுங்கி நடலாமா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் ஒழுங்காகவே பதில் சொல்கிறேன். இப்போது படிக்கும் ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் பிடுங்கச் சொல்லவில்லை. அவர்கள் பஜாரிலேயே ஐந்தாம் வகுப்பை முடிக்கட்டும்.  வரும் ஜூனில் புதிதாகச் சேரும் ஒன்றாம் வகுப்பு மட்டும் சரிவில் தொடங்கட்டும். ஐந்து வருடத்தில் வகுப்பு தானாக இறங்கிவிடும், ஒரு பிள்ளையின் படிப்பும் அறுந்துபோகாது.

அடுத்து பேசிய தங்கை இன்னும் கூர்மையாகக் கேட்டார். 'தமிழ் பேசும் பிள்ளைகள் இருப்பது பஜாரில். கீழே கொண்டுபோனால் தமிழ் யார் காதில் விழும்?' இந்தக் கேள்வியால்தான் நாங்கள் எல்லையையும் சேர்த்துப் பேசுகிறோம். எல்லையைத் தொடாமல் வகுப்பை மட்டும் மாற்றினால் தங்கை பயப்படுவது நடந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். இப்போதைய எல்லை ஓடையோடு ஓடுகிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஹட்டியும் சிலோன் காலனியும் பஜார் பள்ளிக்கு, இந்தப் பக்கத்து லயங்கள் சரிவுப் பள்ளிக்கு. ஆனால் ஹட்டியிலிருந்து சரிவுப் பள்ளிக்குப் பாலம் வழியாக நடந்தால் பத்து நிமிடம். கோடு போட்டபோது அந்தப் பாலம் இல்லை. பாலம் வந்த பிறகும் கோடு நகரவில்லை, அவ்வளவுதான். ஹட்டியையும் காலனியையும் லயங்களையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவாருங்கள். படகர் வீட்டுப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஜார்க்கண்ட் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். படகர் வீட்டுப் பிள்ளைக்கும் வீட்டில் படக மொழி, பள்ளியில் தமிழ். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவது எப்படி என்று பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு அவனைவிட யார் காட்டிக்கொடுக்க முடியும்?

இது புதுசும் இல்லை. 1963இல் அமெரிக்காவின் மயாமி நகரத்தில் கோரல் வே என்ற பள்ளியில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளையும் கியூபாவிலிருந்து வந்த ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இரண்டு மொழியிலும் படித்தார்கள். அகதிகள் வந்து இறங்கிய ஊரிலேயே அந்தப் பள்ளியை நடத்தினார்கள்.

பஜார் பெற்றோர்கள் தங்கள் பிள்ளை கீழே போக வேண்டியிருக்குமோ என்று கவலைப்படுகிறார்கள். விருப்பப்பட்டால் அனுப்பலாம், கட்டாயம் இல்லை. அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் மேலே ஏறும் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடையாது. அதே நேரம் கீழே இறங்கும் பஸ் பாதி காலியாகப் போகிறது. சரிவுப் பள்ளியில் அறை போதாது என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். கட்டித்தான் ஆக வேண்டும். தோட்டத்தில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்கள் படிக்க நிர்வாகமே வசதி செய்ய அரசு விதி போடலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. லயத்துப் பிள்ளைக்கு லயத்துப் பக்கத்தில் பள்ளி வேண்டும் என்பது எங்கள் அணி இன்று கண்டுபிடித்த கோரிக்கை இல்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் உட்கார எனக்கு மனசு வராது. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இந்த வகுப்பைப் பற்றி முடிவெடுத்த கூட்டங்கள் வேலை நாள் மதியத்தில் நடந்தன. அந்த நேரத்தில் லயத்து அம்மாக்கள் கூடையோடு எடை வரிசையில் நிற்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கான வகுப்பு, அவர்கள் இல்லாத கூட்டம். இன்றைக்கு ராத்திரி பட்டிமன்றம் வைத்ததால்தான் அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பு எதுவானாலும் எங்கள் அணி ஏற்றுக்கொள்ளும். எதிரணி நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. நாளைக் காலை ஏழரைக்கு லயத்துப் பெரட்டுக்களத்தில் நிற்கிறேன். வாருங்கள், பிள்ளைகளின் பையை நாம் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி, குறுக்குப் பாதையில் பஜார் பள்ளி வரைக்கும் அவர்களோடு ஒருமுறை நடப்போம்.

நன்றி, வணக்கம்.