பதினோராவது பாட்டு ஓடிவிட்டது!

வணக்கம் மக்களே! கிடைத்துவிட்டது! மாயா என்கிற பிரிட்டிஷ் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ ஆல்பம், சிடியாக. மூன்று வீடியோவாகத் தேடிக்கொண்டிருந்தேனே, அதேதான். பழைய பொருள் விற்கிற ஒரு சாரிட்டி கடையில், பழைய சமையல் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. விலை ஒன்றரை பவுண்ட். லண்டனில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல காபி கூட வராது!

ஓடி வந்து போட்டால், பத்துப் பாட்டும் சுத்தமாக ஓடுகிறது, பதினோராவது மட்டும் திக்குகிறது. எனக்கு வேண்டியதே அந்தப் பதினோராவதுதான், ‘பேப்பர் பிளேன்ஸ்’. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு கீறல். சிடி உள்ளிருந்து வெளியே ஓடும், அதனால் கடைசிப் பாட்டுகள் ஓரத்தில்தான் இருக்கும். பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கவே கூடாது. ஆறு தடவை துடைத்தும் அதே இடத்தில் நின்றது. ஏழாவது தடவை ஓடியது பாருங்கள், கத்தியே விட்டேன்! ஐயோ, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஏழாவது தடவைக்கு முன்னால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். வெறும் துணி போதாது.

போனில் கேட்கலாமே என்பீர்கள். அதில் வெட்டிய பதிப்பு மாட்டிவிடுமோ என்று எனக்குப் பயம். போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் இந்தப் பாட்டைப் போட்டார்கள். கோரஸில் துப்பாக்கி வெடிக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை! வெட்டிய பதிப்பு. எனக்கு அப்படி ஒரு கோபம். 2007-லேயே எம்டிவி இசைச் சேனலிலும் அமெரிக்க டிவியில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியிலும் இதே வேலையைத்தான் செய்தார்கள்.

அந்தச் சத்தம்தான் பாட்டே. மாயா 1975-ல் லண்டனில் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இலங்கைக்குப் போய், போர் துரத்த, 1986-ல் அம்மாவோடு லண்டன் திரும்பி, அங்கே மிச்சம் (Mitcham) என்ற பகுதியில், உள்ளாட்சி வாடகைக்குத் தருகிற கவுன்சில் வீட்டில் வளர்ந்தவர். பாடகியாகப் பெயர் எடுத்த பிறகும் அமெரிக்க விசாவுக்கு அலைய விட்டார்கள். அந்த எரிச்சலில் வந்த பாட்டு இது. வெளியிலிருந்து வருகிறவர்கள் நம் காசைப் பறிக்கத்தான் வருகிறார்கள் என்று ஒரு பயம் இருக்கிறதே, அதைத்தான் கிண்டல் செய்கிறார். ஆனால் வார்த்தையில் முழுதாகச் சொல்லவில்லை, சத்தத்தால் சொல்கிறார். துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி ‘ச்சிங்’ என்று திறக்கிறது. கூடவே பாடுவது யார்? லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிப் பிள்ளைகள்! அந்தப் பிஞ்சுக் குரலைக் கேட்டுவிட்டு யாரைப் பார்த்துப் பயப்படுவது? சத்தத்தை வெட்டினால் இந்தக் கேள்வியும் போய்விடுகிறது.

அடியில் ஓடும் இசை தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1982 பாட்டிலிருந்து எடுத்தது. அதுவும் ஒதுக்கப்பட்ட குடியேறிகளைப் பற்றியதுதான். விசாவுக்கு இழுத்தடித்த அதே நாட்டில், 2008-ல் பில்போர்ட் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது ‘பேப்பர் பிளேன்ஸ்’. எனக்கு இதில் இன்னும் தீராத சந்தோஷம்.

முக்கியமானதை விட்டுவிட்டேனே! ‘கலா’ என்பது அவருடைய அம்மாவின் பெயர். முதல் ஆல்பம் ‘அருளர்’ அப்பா பெயர். அம்மா இங்கே வந்து என்ன வேலை செய்தார் தெரியுமா? அரண்மனையில் தருகிற பதக்கங்களின் நாடாவைக் கையால் தைக்கிற வேலை. ஏறக்குறைய முப்பது வருடம். 2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் மாயாவுக்கு எம்பிஇ என்ற அரச விருதுப் பதக்கம் குத்தினார்கள். அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து தைத்த அதே வகைப் பதக்கம். அம்மாவுக்குச் செய்யும் மரியாதையாகத்தான் அதை ஏற்றுக்கொள்வதாக மாயா சொன்னார். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, நான் இன்னொரு தடவை கேட்கப் போகிறேன். முழுச் சத்தத்தில், வெட்டாமல். காப்புரிமைப் புகார் வரும், அதனால் கேமராவை அணைக்கிறேன்.